குழாயடியில் எட்டு மாதங்கள்

(கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடையே ஆற்றிய உரை. நம் இதழ் வாசகர்களுக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டுள்ளது.)



இந்த இதழில் மாதாமாதம் நான் உங்களுக்கு எழுதுவதெல்லாம் எந்தச் சான்றிதழுக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும், என்னென்ன ஆவணங்கள் இணைக்க வேண்டும் என்கிற மாதிரி விஷயங்கள்தான். இந்த முறை கொஞ்சம் என் சொந்தக் கதை. செய்தித் துறைக்கு வருவதற்கு முன்னால் எட்டு மாதம் நான் தண்ணீர் பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். இதழியல் படித்த பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் அம்மாவும் அதைத்தான் கேட்டார்.

வேலையின் பெயர் ஆய்வு உதவியாளர். தர்மபுரி மாவட்டத்தில் சில ஊராட்சிகளில், ஊர்மக்களே தங்கள் குடிநீரைப் பரிசோதித்துப் பதிவு செய்யும் முறை எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்கான ஒரு ஆய்வு அது. பேராசிரியர்கள் வடிவமைத்தார்கள், வேதியியல் படித்த இரண்டு பேர் ஆய்வகத்தில் இருந்தார்கள். ஊருக்குள் போய் உட்கார்ந்து, பெண்களோடு சேர்ந்து மாதிரி எடுத்து, நோட்டில் எழுதி, படம் பிடித்து அனுப்ப ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். "எழுதத் தெரியும்ல? அது போதும்" என்றுதான் சேர்த்துக்கொண்டார்கள். எழுதத் தெரிந்ததால்தான் ஒரு தப்பும் செய்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பின்னணி. 2019 ஆகஸ்ட் 15-இல் ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வீடு குழாய் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாதி. தெரியாத பாதி ஒன்று உண்டு. ஒவ்வொரு கிராமத்திலும் குறைந்தது ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, களப் பரிசோதனைப் பெட்டி மூலம் அவர்களே தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. பெட்டி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சின்ன சூட்கேஸ் மாதிரி. உள்ளே சொட்டு மருந்துப் புட்டிகள், சோதனைக் குழாய்கள், நிற அட்டைகள். பி.எச்., கடினத்தன்மை, குளோரைடு, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு, எஞ்சிய குளோரின் எல்லாம் பார்க்கலாம். சொட்டு விட்டுக் குலுக்கினால் நிறம் மாறும். அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு எழுத வேண்டும்.

கேட்பதற்கு எளிது. ஆனால் நிறம் பார்ப்பது ஒரு கலை. டியூப் லைட் வெளிச்சத்தில் ஒரு நிறம், வேப்பமர நிழலில் ஒரு நிறம். குழுவில் இருந்த ஒரு அக்கா புடவைக் கடையில் வேலை பார்த்தவர். "பாப்பா, கடைக்குள்ள ரோஸா தெரியும், வெளிய வந்தா ஆரஞ்சா இருக்கும். வாசல்ல வெச்சுப் பாரு" என்றார். அன்றிலிருந்து எல்லாச் சோதனையும் வாசலில், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துக்கொண்டுதான். பயிற்சிக் கையேட்டை இரண்டு தடவை படித்தும் என் மண்டையில் ஏறாத விஷயம் அது.

தர்மபுரி பக்கம் தண்ணீர் என்றாலே ஃபுளோரைடு பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பாறையில் இருக்கும் தாதுக்களிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வருவது அது. ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போகப் பல இடங்களில் அதிகமாகும். இந்தியத் தரநிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் முதலில் பாதிக்கப்படுவது பிள்ளைகளின் பல். நிலைப்பற்கள் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயது வரை குடிக்கிற தண்ணீர்தான் பல்லில் கறையாக நிற்கும். அதற்குப் பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அளவு மிக அதிகமாக, பல வருஷம் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்தில் ஃபுளோரைடு நோய் இருக்கிறது என்று மருத்துவர்கள் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது 1937-இல். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயல்பாட்டுக்கு வந்தது 2013-இல். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் தணிப்பு' என்று இருக்கும், கவனித்திருக்கிறீர்களா?

நான் போன ஊரில் ஒரு பாட்டி சொன்னார்: "எங்க ஊருப் புள்ளைங்க சிரிச்சா போதும், எந்த ஊருன்னு பொண்ணு பாக்க வர்றவங்க சொல்லிருவாங்க." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்தில் இருந்த பேத்தி சிரிக்கவில்லை. ஏழாம் வகுப்பு. என்னோடு பேசும்போதெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசுவாள்.

அந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அடிபம்பு. குழாய்த் தண்ணீர் நேரத்துக்கு வராத நாளில் பாதி ஊருக்கு அதுதான். வரும் நாளிலும் சமையலுக்கு அதைத்தான் பிடிப்பார்கள். ஏன் தெரியுமா? அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும். இது மூடநம்பிக்கை இல்லை. ஃபுளோரைடு அதிகமான நிலத்தடி நீரில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருக்கும். சுண்ணாம்பு குறைந்தால் பருப்பு நன்றாக வேகும். ருசியும் நல்ல ருசி. நாக்குக்கும் அடுப்புக்கும் நல்லதாகப் படுகிற தண்ணீரை 'இது ஆகாது' என்று ஒரு மஞ்சள் நிறத்தைக் காட்டிச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஃபுளோரைடு சொட்டு மருந்து, தண்ணீரில் ஃபுளோரைடு இல்லையென்றால் இளஞ்சிவப்பாக நிற்கும். அளவு ஏற ஏற மஞ்சளாகும். அந்தப் பம்புத் தண்ணீர் மஞ்சள்.

"காய்ச்சிக் குடிச்சா சரியாயிரும்ல?" என்று அன்றைக்கு மட்டும் ஏழெட்டுப் பேர் கேட்டிருப்பார்கள். வாசகர்களே, இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால், மிச்சத்தில் அதன் அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

களப் பெட்டியின் முடிவு இறுதி முடிவு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீரில் காரத்தன்மை அதிகமாக இருந்தால் இந்த நிறச் சோதனை தடுமாறும். அதனால் ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்தோம். ஃபுளோரைடுக்கான மாதிரியைப் பிளாஸ்டிக் புட்டியில்தான் எடுக்க வேண்டும், கண்ணாடியில் எடுக்கக் கூடாது. ஆய்வக முடிவும் 1.5-ஐத் தாண்டியே வந்தது. அந்தக் கதை எங்கே போனது என்பதை அப்புறம் சொல்கிறேன். அதற்கு நடுவில் ஐப்பசி மழை வந்துவிட்டது, என் தப்பும் வந்துவிட்டது.

பெட்டியில் நிறம் மாறும் சொட்டு மருந்துகளோடு ஒரு சின்னக் குப்பியும் இருக்கும். கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. தண்ணீரை அதில் ஊற்றி மூடி, ஒன்றிரண்டு நாள் வீட்டு வெப்பத்தில் வைத்தால் போதும். மலத்தின் வழியாக வரும் கிருமிகளோடு சேர்ந்து காணப்படும் சில பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடும். குப்பிக்குள் இருக்கும் இரும்பு உப்போடு அது சேர்ந்தால் தண்ணீர் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். மின்சாரம் வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம். இதைக் கண்டுபிடித்தவர்கள் நம் நாட்டு விஞ்ஞானிகள்தான். குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மூவர் 1982-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இதை எழுதினார்கள். இன்று உலகத்தின் பல நாடுகளில் பயன்படுகிறது.

ஒரு தெருவில் மாதிரி எடுக்கப் போனேன். தெருக்கோடியில் ஒரு அக்கா வீட்டிலேயே இட்லி போட்டு விற்பவர். நல்ல மனுஷி. போனால் உட்காரச் சொல்லி இரண்டு இட்லி வைத்துவிடுவார். எனவே எனக்கு அந்த வீடு வசதி. தெருவுக்கு ஒரு மாதிரி போதும் என்று அந்த வீட்டுக் குழாயில் மட்டும் பிடித்தேன். மறுநாள் காலை குப்பி கறுத்திருந்தது.

அன்றைக்கு என் மனசில் ஓடியது என்ன என்று மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷம். மூன்று மாதமாகச் சப்பென்று வந்துகொண்டிருந்த முடிவுகளுக்கு நடுவில் ஒரு 'செய்தி' கிடைத்துவிட்டது. படம் எடுத்தேன். "தெருக்கோடி இட்லி அக்கா வீட்டுத் தண்ணீர், கிருமித் தொற்று உறுதி" என்று எழுதி, குழுப் பெண்களும் ஊர்க்காரர்கள் சிலரும் இருந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். கல்லூரியில் தலைப்பு வைக்கச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தேன். யார், எங்கே, என்ன எல்லாம் இருந்தது. 'உறுதி' என்ற வார்த்தைதான் என்னுடைய கைச்சரக்கு. ஒரு குப்பி எதையும் உறுதி செய்யாது. அது சந்தேகத்தைத்தான் காட்டும். மண்ணில் இருக்கும் வேறு பாக்டீரியாவால்கூடச் சில நேரம் கறுக்கலாம், மாதிரி எடுத்த கை சுத்தமில்லை என்றாலும் கறுக்கலாம்.

மத்தியானத்துக்குள் படம் ஊர் முழுக்கப் போய்விட்டது. மறுநாள் காலை அந்த அக்கா வீட்டில் இட்லி வாங்க யாரும் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. இதில் ஒரு கொடுமையைப் பாருங்கள். இட்லி ஆவியில் வேகிற பண்டம், அதில் கிருமி எப்படிப் பிழைக்கும்? ஆனால் இட்லி வாங்குவதை நிறுத்திய அதே வீடுகளில், அதே குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் சொம்பு சொம்பாகக் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நான்காம் நாள் தெரிந்து ஓடினேன். அக்கா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். புளித்துப் பொங்கிய மாவு சட்டியோடு வாசலில் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. "என் வீட்டுல உக்காந்து சாப்ட்டியே பாப்பா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போட்டிருக்கலாம்ல?" என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பிறகு அவரே சொன்னார்: "இப்ப அழுவாத. எல்லார் வீட்டுலயும் எடு. ஒரு வீடு விடாத. நான் கூட வர்றேன், எல்லாரும் பாக்கட்டும்."

ஆய்வு வடிவமைப்பு என்று பெரிய பெரிய ஆட்கள் பேசுவதை அந்த அக்கா இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியற்காலை, தண்ணீர் திறக்கும் நேரத்துக்கு முன்னால் நானும் அவரும் குழுப் பெண்கள் இருவரும் தெரு முனையில் நின்றோம். இந்தத் தடவை முறைப்படி. குழாய் வாயைத் துடைத்து, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவி, மூடியின் உள்பக்கம் விரல் படாமல். பதினான்கு வீடு, பதினான்கு குப்பி. ஒவ்வொன்றிலும் வீட்டுப் பெயர் எழுதாமல் எண் மட்டும் ஒட்டினோம். கூடவே ஒவ்வொரு வீட்டிலும் எஞ்சிய குளோரின் எவ்வளவு என்றும் பார்த்தோம். குழாய்க் கடைசி வரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் இருக்க வேண்டும். அது இருந்தால் வழியில் கிருமி புகுந்தாலும் சமாளிக்கும்.

தெரு முனையிலிருந்து முதல் ஆறு வீட்டில் குளோரின் இருந்தது. ஏழாவது வீட்டிலிருந்து கடைசி வரை சுத்தமாக இல்லை. இரண்டாம் நாள் குப்பிகளைப் பார்த்தால் அதே கணக்கு. முதல் ஆறு தெளிவு. ஏழிலிருந்து பதினான்கு வரை எட்டும் கறுப்பு. ஆக, அக்கா வீட்டில் ஒரு கோளாறும் இல்லை. ஆறாவது வீட்டுக்கும் ஏழாவது வீட்டுக்கும் நடுவில்தான் என்னவோ இருக்கிறது.

டேங்க் ஆபரேட்டர் அண்ணன் வந்தார். அவருக்கு அந்தப் பதினான்கு எண்களையும் வரிசையாகக் காட்டியதுமே புரிந்துவிட்டது. "அங்க சாக்கடையைத் தாண்டிப் பைப்பு போவுதும்மா" என்றார். தோண்டிப் பார்த்தால், இணைப்பு விட்டுப்போன இடத்தில் யாரோ எப்போதோ சைக்கிள் ட்யூப்பைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மேலே மழையில் நிரம்பிய சாக்கடை.

தண்ணீர் வரும்போது அழுத்தம் இருக்கும், கசிவு வெளியே போகும். தண்ணீரை நிறுத்தியதும் குழாய்க்குள் வெற்றிடம் மாதிரி ஆகி, வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். விட்டு விட்டு வரும் குழாய்த் தண்ணீரில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அதனால்தான் முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள், பாத்திரம் கழுவவோ செடிக்கோ விட்டுவிடுங்கள் என்று சொல்கிறோம்.

ஊராட்சியில் இரண்டே நாளில் அந்தத் துண்டுக் குழாயை மாற்றினார்கள், லைனைக் கழுவிவிட்டுக் குளோரின் ஏற்றினார்கள். மறுபடி பதினான்கு குப்பி. பதினான்கும் தெளிவு. அதே வாட்ஸ்அப் குழுவில், நடந்தது அனைத்தையும், என் தப்பு உட்பட, நீளமாக எழுதிப் போட்டேன். எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியாது. கறுத்த குப்பிப் படம் போன வேகத்தில் அது போகவில்லை. அக்காவின் வியாபாரம் பழையபடி ஆக மொத்தம் பதினொரு நாள். அந்தப் பதினொரு நாள் வருமானத்தை யாரும் கொடுக்கவில்லை. ஆய்வுச் செலவில் அதற்குத் தலைப்பு இல்லை என்றார்கள். நான் கொடுக்கப் போனபோது அவர் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். முடிவு வந்தால் முதலில் அந்த வீட்டுக்காரருக்கு நேரில் சொல்வது. அடுத்து மறு மாதிரி. அடுத்து ஊராட்சிக்கும் கிராம குடிநீர், சுகாதாரக் குழுவுக்கும். ஊருக்குப் பொதுவாகச் சொல்லும்போது தெருவைச் சொல்வது, வீட்டைச் சொல்வதில்லை. ஆனால் ஒன்று. 'காய்ச்சிக் குடியுங்கள்' என்ற எச்சரிக்கைக்கு மட்டும் எதற்கும் காத்திருப்பதில்லை. சந்தேகம் வந்த அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிடுவோம். பொறுமையாக இருக்கிறேன் பேர்வழி என்று ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடக் கூடாதே.

இப்போது அடிபம்புக்கு வருவோம். நம் மாநிலத்தில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ஆம் தேதியும் கிராம சபை கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் ஃபுளோரைடு ஆய்வக அறிக்கையை வைத்தோம். நான் பேசவில்லை. புடவைக் கடை அக்கா பேசினார். பம்புத் தண்ணீரில் ஒரு குழாய், தொட்டித் தண்ணீரில் ஒரு குழாய், இரண்டிலும் சொட்டு விட்டு, வெள்ளைத் தாளைப் பிடித்து, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் காட்டினார். ஒன்று மஞ்சள், ஒன்று இளஞ்சிவப்பு. ஒரு பெரியவர் எழுந்து, "அறுபது வருஷமா குடிக்கிறோம், என்ன ஆயிப்போச்சு?" என்றார். எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். மூட்டு வலிக்கு ஆயிரம் காரணம் இருக்கும், அதைச் சுட்டிக்காட்டுவது நியாயம் இல்லை. யாரும் காட்டவும் இல்லை.

விவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. பெண்கள் கேட்டது ஒரே கேள்வி: "பம்பை மூடிட்டீங்கன்னா, குழாயில வராத அன்னிக்கு எங்க போறது?" கடைசியில் பம்பை மூடவில்லை. 'குடிக்கவும் சமைக்கவும் உகந்ததல்ல' என்று சிவப்பு வண்ணத்தில் எழுதுவது, மாட்டுக்கும் துவைக்கவும் மட்டும் பயன்படுத்துவது, தொட்டியிலிருந்து பள்ளிக்கூட வாசலுக்குத் தனியாக ஒரு பொதுக் குழாய் இழுப்பது என்று தீர்மானம் ஆனது. எழுத்து அந்த வாரமே வந்தது. குழாய் வர ஐந்து மாதம் ஆனது. அதற்குள் என் வேலை முடிந்து நான் சென்னைக்கு வந்துவிட்டேன். இடைப்பட்ட ஐந்து மாதமும் சிவப்பு எழுத்துக்குக் கீழேயே பலர் தண்ணீர் பிடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். பருப்பு வேக வேண்டுமே.

உங்கள் வீட்டுத் தண்ணீரில் சந்தேகம் இருந்தால் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் முதலில் பயிற்சி பெற்ற பெண்கள் யார் என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். பெட்டி அலமாரியில் பூட்டி இருந்தால் திறக்கச் சொல்லுங்கள், சொட்டு மருந்தின் காலாவதித் தேதியையும் பாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களும் குறைந்த கட்டணத்தில் பரிசோதித்துக்கொள்ளலாம். புட்டியை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் சுத்திகரித்த புட்டிதான் வேண்டும். அதைப் பனிக்கட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். குறை தீராவிட்டால் முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணில் பதிவு செய்யலாம். கிராம சபையில் அறிக்கையைக் கேட்கலாம். அது உங்கள் உரிமை.

போன மாதம் இட்லி அக்கா போன் செய்தார். அவர் இப்போது அந்த ஐந்து பேரில் ஒருவர். "பாப்பா, குப்பியை முட்ட முட்ட ரொப்பணுமா, கோடு வரைக்கும் போதுமா? புதுப் பெட்டி வந்திருக்கு, கோடு வேற மாதிரி இருக்கு" என்றார். கோடு வரைக்கும் போதும் அக்கா என்றேன். "சரி, இரு, தண்ணி வந்துருச்சு" என்று வைத்துவிட்டார்.